உறவுமுறை: சிநேகிதர்

வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒட்டிய ஒரு சின்ன அலுவலகத்தில் பூபாலசிங்கம் இருபத்தாறு வருடமாகச் செத்தவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல், ஆண்டு நினைவஞ்சலி எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும். பத்திரிகைக்கும் வானொலிக்கும் இப்போது இணையத்துக்கும் அங்கிருந்துதான் போகும். வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிறந்த இடம் எது என்று தொடங்குவார்.

பிறந்த இடம், வதிவிடம், பெற்றார், துணை, பிள்ளைகள், மருமக்கள், கூடப்பிறந்தவர்கள், மைத்துனர்மார், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நாடு. நோர்வேயில் இருக்கிற மருமகனின் பெயர் விட்டுப்போனால் அடுத்த கலியாண வீட்டில் அடிதடி. பத்து வருடமாக முகம் பாராத தம்பியும் அவருடைய மேசையில் 'பாசமிகு சகோதரர்' ஆகிவிடுவார். செத்தவர் நல்லவரா, சாப்பாட்டுக்கு உப்புப் போதாவிட்டால் கோப்பையை எறிகிறவரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவர் யார் யாருக்கு என்ன முறை என்பதுதான் கேள்வி.

இன்னொரு விதியும் இருந்தது. அறிவித்தல் கொடுக்க உறவுக்காரர் ஒருவர் அடையாள அட்டையோடு வர வேண்டும். உயிரோடிருப்பவரைச் செத்ததாகப் போடவைத்த விளையாட்டுகள் முன்பு நடந்ததால் வந்த விதி. சிநேகிதர் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் பூபாலசிங்கம் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். சிநேகிதருக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

அவருடைய சொந்தக் கதையைப் படிவத்தில் நிரப்பினால் அரைப் பக்கமும் தேறாது. கோப்பாயில் பிறந்தவர். தொண்ணூற்றாறாம் ஆண்டு கனடா போகவென்று கொழும்புக்கு வந்தார். காசை வாங்கிய ஏஜென்ட் மட்டும் கனடா போய்ச் சேர்ந்தான். மூன்று தங்கைகளைக் கரைசேர்த்தார். மூவரும் மூன்று குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு கலியாணம் வேண்டுமே என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் நினைவூட்டவில்லை. புது வருடத்துக்கும் பொங்கலுக்கும் தங்கைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் பானைப் படம் வரும். அவரும் ஒரு பானைப் படத்தைத் திருப்பி அனுப்புவார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் பத்தொன்பது வருடம் குடியிருந்தார். வீட்டுக்காரர் கிளைவ், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் லொரேன் மெல்பேர்னில். கிளைவுக்கு இங்கிலீஷும் சிங்களமும் தெரியும், தமிழ் வராது. பூபாலசிங்கத்துக்குத் தமிழ்தான் தெரியும். சிங்களம், யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் கற்றது. பெயர், ஊர், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற அளவு சிங்களம். அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் பத்தொன்பது வருடம் கதைத்தார்கள்.

ஆறரைக்கு வேலையால் வந்து முகம் கழுவிவிட்டுப் பூபாலசிங்கம் முன்னறைக்குப் போவார். கிளைவ் தேநீர் வைத்திருப்பார். இரண்டு பேரும் செய்தி கேட்பார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், பிறகு பேசாமல் இருப்பார்கள். காய்ச்சலென்றாலும் பூபாலசிங்கம் போகாமல் விட்டதில்லை. பாவம், மனிதருக்கு ஆளில்லை, தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாரே என்ற இரக்கம். அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் தெஹிவளையில் ஒரு வீட்டோடு சேர்ந்த நல்ல அனெக்ஸ் ஒன்று கிடைத்தபோதும் அவர் போகவில்லை. "கிழவனைத் தனிய விட்டிட்டு என்னெண்டு போறது" என்று அலுவலகத்தில் சொன்னார். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வந்தார். அந்தத் தியாகத்தை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்கட்டுமே, பெருமைப்பட அவரிடம் வேறு என்ன இருந்தது?

ஞாயிறு இங்கிலீஷ் பத்திரிகைகளில் இறந்தவர்களைப் பற்றிச் சிநேகிதர்கள் எழுதுகிற பகுதி ஒன்று உண்டு. ஞாயிறு காலை பூபாலசிங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளைவ் முதலில் படிப்பது அதைத்தான். வாசித்துவிட்டுச் சிங்களத்தில் சொல்லுவார்: இவன் சிரித்துக்கொண்டே இருப்பானாம், பொய், துறைமுகத்தில் இவன் பல்லை ஒருவரும் கண்டதில்லை. ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தனக்கு இப்படி எழுத இனி ஆளில்லை என்றார். எழுதத் தெரிந்தவர்கள் ஒன்றில் மேலே போய்விட்டார்கள், இல்லாவிட்டால் அவுஸ்திரேலியா போய்விட்டார்கள் என்று சிரித்தார். பூபாலசிங்கமும் சிரித்துவைத்தார்.

போன வருடம் ஓகஸ்ட் மாதம் ஒரு காலையில் கிளைவ் குளியலறையில் விழுந்தார். பூபாலசிங்கம்தான் அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாதி உறவுமுறை என்னவென்று கேட்டாள். ஊரில் எல்லோரையும் அவர் கேட்ட கேள்வி இப்போது அவரிடமே வந்தது. வீட்டில் குடியிருக்கிறவன் என்றார். அப்படியானால் வெளியே நில்லுங்கள் என்றாள். மத்தியானம் கிளைவ் போய்விட்டார். பூபாலசிங்கம் வெளியேதான் நின்றார்.

நீர்கொழும்பிலிருந்து கிளைவின் சகோதரி மகன், மருமகன் முறையானவன், வந்து எல்லாவற்றையும் முடித்தான். லொரேன் போனில் அடக்கத்தைப் பார்த்தாள். இங்கிலீஷ் பத்திரிகையில் மருமகன் போட்ட அறிவித்தல் மூன்றே வரி. நாய் காணாமல் போனதென்று போடுகிறவர்கள்கூட அதைவிட நீளமாகப் போடுவார்கள் என்று பூபாலசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு விலைப்பட்டது. அவர் தெஹிவளையில் ஒரு அறைக்கு மாறினார். இப்போது வேலைக்குப் பத்தே நிமிடம். ஆறரை மணிக்கு முகம் கழுவிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளவத்தையில் செத்தவர்கள் எல்லோருக்கும் எழுதுகிற நான் இந்த மனிதருக்கு எழுதாமல் விடுவதா? முதலாம் ஆண்டு முடிவதற்குள் அந்த ஞாயிறு பத்திரிகையில் கிளைவைப் பற்றி ஒரு கட்டுரை வர வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தார். அதற்கு இங்கிலீஷ் வேண்டும். அவரிடம் இருந்த இங்கிலீஷ் படிவம் நிரப்பவே காணாது.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடையின் மேல்மாடியில் அர்பா என்ற பெண் சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு நடத்தினாள். இருபத்தேழு வயதிருக்கும். முதல் மணித்தியாலம் இலக்கணம், அடுத்தது எழுத்துப் பயிற்சி, மூன்றாவதில் பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசித்து அதைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளைகள் பத்தொன்பது பேர். எல்லோரும் வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வாய்விட்டுக் கேட்காத நல்ல பிள்ளைகள், ஆனால் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. அவர் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். எந்த நாட்டுக்குப் போகப் படிக்கிறீர்கள் என்று அர்பா கேட்டாள்.

"ஒரு இடமும் போறதுக்கில்லைப் பிள்ளை. கதைக்கவும் தேவையில்லை. எழுதினாக் காணும்."

இலக்கணம் அவரைப் படாத பாடு படுத்தியது. ஆனால் இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் அழுகைக்கு நடுவே பெயர் பிழை பிடித்த கண் அது. ஒருமுறை சிவப்பு மையில் வந்த பிழை மறுமுறை வராது. கொப்பிகள் நிறைந்தன. காலையில் பஸ்தரிப்பில் விளம்பரப் பலகைகளை வாசித்தார், இரவில் பழைய செய்தித்தாளை வாசித்தார். வாசிக்கும்போது அறை அவ்வளவு அமைதியாக இருப்பது தெரிவதில்லை.

ஒரு சனிக்கிழமை பத்திரிகைத் தலைப்பு, இளைஞர்கள் நாட்டை விட்டுப் போகலாமா என்பது. பத்தொன்பது பேரும் போகலாம் என்றார்கள். அர்பா அவர் பக்கம் திரும்பினாள். நானும் போகத்தான் கொழும்புக்கு வந்தேன், இருபத்தெட்டு வருடமாகிறது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மாசி மாதத்தில் கிளைவைப் பற்றிய கட்டுரையை எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அர்பா ஒரு தடவை வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள். கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், லொரேனின் பாசமிகு தந்தை, அவளுடைய புருஷனின் மாமனார், பேர்த்தில் இருக்கிறவரின் மைத்துனர், நீர்கொழும்புக்காரனின் தாய்மாமன். மருமகனிடம் போன் எடுத்து விசாரித்து முப்பத்தாறு பெயர் சேர்த்திருந்தார். ஒரு ஆள் விட்டுப்போகவில்லை.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்று அர்பா முதலில் பாராட்டினாள். பிறகு கொப்பியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"அங்கிள், இதில எல்லாரும் ஈக்கிறாங்க. உங்கட கூட்டாளி மட்டுந்தான் இல்ல."

அவர் கொப்பியை எடுத்துத் திரும்பவும் வாசித்தார். கை பழகிய வழியிலேயே போயிருக்கிறது. தொழில் புத்தி சாவிலும் போகாது போலும். அந்த முப்பத்தாறு பேரில் முக்கால்வாசிப் பேரைக் கிளைவ் பத்து வருடமாகப் பார்த்ததே இல்லை. பத்தொன்பது வருடம் தினமும் பார்த்தவனுக்கு அந்த இரண்டு பக்கத்தில் ஒரு சொல் கிடையாது. எழுதியவனும் அவனேதான்.

அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று எழுதச் சொன்னாள் அர்பா. அது இவ்வளவு கஷ்டமான வேலை என்று பூபாலசிங்கத்துக்கு அதுவரை தெரியாது. முறை சொல்ல வாய் இருந்தது, மனிதரைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் கிழமை ஒரு வசனம்தான் தேறியது: கிளைவ் சனிக்கிழமை பின்னேரம் ஞாயிறு பூசைக்காகச் சப்பாத்துத் துடைப்பார். அடுத்த கிழமை இன்னொன்று: சப்பாத்தின் அடிப்பக்கத்தையும் துடைப்பார், முழங்காலில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியுமாம். பிறகு அன்னாசிக்கு மிளகாய்த்தூள் போடுவது வந்தது. யுத்த காலத்தில் கொழும்புத் தமிழரை வீடு வீடாகப் பொலிஸில் பதிய ஆள் வந்தபோது கதவை மறித்துக்கொண்டு நின்று, இது என் வீடு, இவர் என் ஆள் என்று சொன்னது வந்தது. அதை எழுதிய அன்று பூபாலசிங்கம் சாப்பிடவில்லை.

ஆனி மாதம் கட்டுரை முடிந்தது. அதில் அவருக்கே மிகவும் பிடித்த வசனம் ஒன்றிருந்தது: அவருக்கு யாரும் இல்லாதபடியால், நான் ஒவ்வொரு மாலையும் போய் அவரோடு இருந்தேன். அர்பா அதற்குப் பக்கத்தில் சரி போட்டு, மிக நல்ல வசனம் என்று எழுதினாள். அவர் அதைப் பலமுறை எடுத்து எடுத்துப் பார்த்தார். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒருவரும் எழுதியதில்லை. தானே எழுதியது என்றாலும் என்ன!

அர்பா தன் கணினியில் தட்டச்சுச் செய்து பத்திரிகைக்கு அனுப்பினாள். மூன்று ஞாயிறு போனது. நாலாம் கிழமை பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் எழுதியவர் உறவினர் அல்ல என்பதால் குடும்பத்தில் ஒருவரின் சம்மதம் வேண்டும் என்றிருந்தது. பூபாலசிங்கம் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். தான் எத்தனை பேரை இதே பேச்சைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தார். ஆண்டு முடிய இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

மருமகனிடம் லொரேனின் இலக்கத்தை வாங்கிக் கட்டுரையை அனுப்பினார். ஞாயிறு காலை எடுக்கிறேன் என்று பதில் வந்தது. சனி முழுவதும் அவர் கொப்பியில் பதில்கள் எழுதிப் பாடமாக்கினார். நான் யார், எத்தனை வருடம், ஏன் எழுதினேன். அவள் சம்மதிக்காவிட்டால் என்ன சொல்வது என்பதற்கும் ஒரு பதில் எழுதினார்.

ஞாயிறு காலை போன் அடித்தது. லொரேன் இங்கிலீஷில் வேகமாகத் தொடங்கினாள். அவர் மெதுவாகப் பேசச் சொன்னதும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். சப்பாத்தின் அடிப்பக்கம் துடைக்கிறதை வாசித்துவிட்டு அழுததாகச் சொன்னாள். அதைத் தான் மறந்தே போயிருந்தேன் என்றாள். சம்மதக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அன்றே அனுப்புவதாகச் சொன்னாள். பூபாலசிங்கம் பாடமாக்கிய நன்றியைச் சொன்னார். இனி வைக்கலாம் என்று நினைத்தபோது அவள் சிரித்தாள்.

ஒரே ஒரு வசனம், மிஸ்டர் பூபால், என்றாள். அப்பாவுக்கு யாரும் இல்லாதபடியால் நீங்கள் போய் இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. அப்பா உங்களைப் பற்றி அதைத்தான் சொல்லுவார்.

அவர் விளங்கவில்லை என்றார். அவள் திரும்பச் சொன்னாள், தகப்பன் சொன்ன மாதிரியே.

"பின்னறையில் இருக்கிற மனிதர் பாவம், லொரேன். கலியாணமும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் தேடுவதில்லை. அதனால்தான் பின்னேரங்களில் அவரை அழைத்துத் தேநீர் கொடுத்து வைத்திருக்கிறேன்."

மூன்று தரம் தகப்பனை மெல்பேர்னுக்குக் கூப்பிட்டாளாம். மூன்று தரமும் இதே சாட்டு. நான் வந்துவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார், தனியே சுவரையல்லவா பார்த்துக்கொண்டு இருப்பார் என்பாராம். உங்களைத் தெரியாமலே உங்கள்மீது எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது என்றாள். பிறகு, ஞாயிறு காலைகளில் நான் போன் எடுக்கும்போது நீங்களும் முன்னறையில் இருப்பீர்களே, உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அப்பா இதையெல்லாம் சொல்லுவார், உங்களுக்கு இங்கிலீஷ் விளங்காதென்று, என்றாள்.

உண்மைதான். அவர் இருந்தார். கிளைவ் மகளோடு பேசும்போது பக்கத்து நாற்காலியில், பேச்சு முடியட்டும் என்று மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டு இருந்தார். தகப்பனும் மகளும் கதைப்பது எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறார்.

அந்த வசனத்தை வெட்டிவிடட்டுமா என்று லொரேனிடம் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் அவள்.

போனை வைத்த பிறகு அவருக்கு வந்தது கோபம்தான். நானா பாவம்? எனக்கா ஆளில்லை? ஏதோ போனால் போகிறதென்று கிழவனுக்குத் துணையாகப் போய் இருந்தால், கிழவன் எனக்குப் பிச்சை போட்ட கணக்கில் பேசியிருக்கிறான். தெஹிவளை அனெக்ஸை யாருக்காக விட்டேன்? கிளைவ் உயிரோடிருந்தால் நேரே முன்னறைக்குப் போய்க் கேட்டிருப்பார். கிளைவும் விட்டிருக்க மாட்டார், தான் போகாமல் விட்ட மெல்பேர்னை இழுத்துப் போட்டிருப்பார். யார் யாருக்குத் துணை இருந்தது என்று, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் இரண்டு பேரும் ராச்சாப்பாடு வரை கத்தியிருப்பார்கள்.

இப்போது அவரிடம் இங்கிலீஷ் இருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் கிளைவுக்கு நன்றாக விளங்குகிற பாஷையில், பிழையில்லாமல் வந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தச் சண்டையைத் தொடங்கினார். தன் பக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்தினார். அடுத்தது கிளைவின் முறை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, அதையும் அவரே சொன்னார்.